ஒன்பதாவது கரைசல்

வாசலில் ஹாரன் விடாமல் அலறியது.

"பத்து மணிக்கு மதுரையில நிக்கணும்னு நீங்கதானே சொன்னீக! இன்னும் உள்ள என்ன பண்றீக?" வேன் ஓட்டும் பெத்தணன் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

அனுப்பிரியாவுக்குக் காதில் விழவில்லை. ஆய்வக மேஜையில் நேற்று மாலை அவள் வைத்துவிட்டுப் போன கண்ணாடிக் குப்பி, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றினால் படத்தில் கட்டியும் அடைப்பும் பளிச்சென்று தெரிய உதவும் கரைசல் அதில் இருந்தது. வழக்கமான கரைசலில் காடோலினியம் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கொடுக்க டாக்டர்கள் யோசிப்பார்கள். அதற்குப் பதில் மாங்கனீஸை வைத்து இரண்டு வருடமாகப் போராடினாள். எட்டு முறையும் சில மணி நேரத்திலேயே கலங்கிப்போனது. ஒன்பதாவது மட்டும் தெளிவாக நின்றது. ஓர் இரவு தாங்குகிறதா என்று பார்க்கத்தான் மேஜையில் விட்டுப் போனாள்.

மதுரை ஸ்கேன் மையம் இன்று ஒரு மணி நேரம் கொடுத்திருந்தது. விட்டால் மூன்று மாதம் கழித்துத்தான். அவளுடைய ஆய்வுத் திட்டமோ இந்த மாதத்தோடு முடிகிறது.

"ஏலே எழில், இதைத் தொட்டியா?"

"நானா? அதுக்குப் பக்கத்துல நின்னு தும்மக்கூட மாட்டேன்க்கா." உடன் ஆய்வு செய்யும் எழில் குளிர்பெட்டியைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான்.

"பின்ன எலி வந்து சோப்புப் போட்டுக் கழுவுச்சாக்கும்!"

"நான்தாம்மா கழுவுனேன்."

துடைப்பத்தோடு சண்முகத்தாய் நின்றிருந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் பதினாலு வருடம் பட்டாசு வேலை பார்த்துவிட்டு, மூன்று வாரம் முன்புதான் இங்கே துப்புரவுக்குச் சேர்ந்தவள்.

"உள்ள இருந்தது எங்கக்கா?"

"வாளித் தண்ணியில கொட்டுனேன். கலந்த மருந்து மிச்சமிருந்தா பொழுது சாயுமுன்ன தண்ணியில கொட்டிரணும். விடிய வச்சா சூடேறிக்கிடும். எங்க கம்பெனியில போர்மேன் அடிக்கவே வந்துருவாரு."

"அது மிச்சமில்லக்கா, அதுதான் மொத்தமும்! இது வெடிக்காது!"

"வாளித் தண்ணியைக் கொண்டு போவமாக்கா?" என்றான் எழில். அவள் முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

வெளியே மறுபடி ஹாரன். அனுப்பிரியா குப்பியை எடுத்தாள். அவள் ஒட்டிய சீட்டு அதில் அப்படியே இருந்தது: 'காலை வரை தொடக்கூடாது. அனுப்பிரியா வந்து திறப்பாள்.'

"இம்புட்டுப் பெரிசா எழுதியிருக்கேனே. படிக்கலையா?"

"படிச்சேன்மா."

"படிச்சுட்டுமா கொட்டுனீக?"

சண்முகத்தாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"நீங்கதான் வந்து திறப்பீகன்னு போட்டிருந்துச்சே... எங்க பட்டாசு செட்டுல விடிய வச்ச மருந்து வாளியைத் திறந்தது என் தங்கச்சிம்மா."