ஆம்பூர் மூட்டையும் ஜோலார்பேட்டை மூக்குகளும்

ஆரோக்கியமேரி வாக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் கோயிலில், பூசை முடிந்து சனமெல்லாம் எழுந்து நிற்கும் நேரத்தில். ஜோலார்பேட்டைக்கு அப்பால் ஏலகிரி மலையடியில் ஓர் அநாதைப் பிள்ளைகள் விடுதி. அங்கே குழந்தைகள் மார்கழிக் குளிருக்குக் கோணிச் சாக்குக்குள் நுழைந்து படுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "இந்தக் கிறிஸ்துமசுக்கு ஒரு புள்ளகூட சாக்குல படுக்காது! நான் பாத்துக்கறேன்!" என்று அவள் போட்ட போட்டில் பீடத்து மெழுகுவத்திகள் அத்தனையும் அணைந்துபோயின. வீம்புக்குச் சொன்னதல்ல. அந்த விடுதியில் பாதிப் பிள்ளைகள், பெற்றவர்களை வாந்திபேதி கொண்டுபோன வருஷம் ஆம்பூர்த் தெருக்களிலிருந்து வண்டியேற்றி அனுப்பப்பட்டவர்கள். சிலரை அவளே வண்டியில் தூக்கி வைத்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், கம்பளி நூலுக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது. கன்னியாஸ்திரிகளிடம் பின்னல் ஊசி பிடிக்கக் கற்றவள்தான். காற்றை வைத்துப் பின்ன அவர்கள் சொல்லித்தரவில்லை.

வழி சொன்னவர் அக்தரி பேகம். தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றுக்கு முதலாளியம்மா. அவரும் மேரியும் சண்டை போடாத நாளில் பாலாறு திசை மாறி ஓடும் என்பது அக்கம்பக்கத்தார் கணக்கு.

"அரே மேரி, ஷாப்பு கொல்லையில ஆட்டுரோமம் மலையாட்டம் குமிஞ்சு கெடக்குது, அது உன் கண்ணுக்குத் தெரியலியா? ராட்டையில போட்டு முறுக்கு, நூல் ஆச்சு. மிச்சத்த நான் ரஜாய் போர்வைக்குள்ள அடைச்சுத் தச்சுடறேன்."

ஆட்டுத்தோல் ஷாப்புக்கு வந்ததும் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு ரோமத்தை வழித்தெடுப்பார்கள். அந்த ரோமத்தைத்தான் பேகம் சொன்னார்.

"நல்லா அலசணுமே, பேகம்மா."

"பாலாத்துல அலசு. ஆறு இன்னா உன் மாமியாரா, கூடாதுன்னு சொல்றதுக்கு?"

அலசினார்கள். அலசிய இடத்துக்குக் கீழே மீன்கள் கரையேறி நடந்துபோனதாகக் கேள்வி. காயவைத்து, ஒரு பிடி அள்ளி இருவரும் மாறி மாறி மோந்து பார்த்தார்கள்.

"வாடை கீடை வருதா?"

"துளி இல்ல. ரோசாப்பூவாட்டம் இருக்குது."

ஆம்பூர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு இது. அந்த ஊரில் பிறக்கும் குழந்தை முதல் மூச்சில் தும்மும். இரண்டாம் மூச்சில் ஊரோடு சமாதானமாகிவிடும். பச்சைத்தோல், சுண்ணாம்பு, ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்த அந்த வாடை அவர்களுக்குக் காற்றின் இன்னொரு பெயர். அடுத்த வீட்டில் கருவாடு வறுத்தால் கண்டுபிடிக்கும் அதே மூக்கு, தோல் ஷாப்பு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளும்.

பிறகு நடந்த வேலையைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். மேரியின் ஊசிகள் போன வேகத்தில் பொறி பறந்தது. குல்லா, காலுக்கு மேஜோடு, கைவைத்த சட்டை என்று பின்னித் தள்ளினாள். சட்டை ஒன்றுக்குக் கழுத்து விட மறந்துபோய், அதைக் கைக்குழந்தையைப் போட்டுவைக்கும் பை என்று பெயர் மாற்றினாள். பேகம் பழைய லுங்கி, கிழிந்த பட்டுப் பாவாடை, தன் கல்யாணத் துப்பட்டா எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக நறுக்கி ஒட்டுப்போட்டு, உள்ளே ரோமம் அடைத்து ரஜாய் தைத்தார். ஒவ்வொன்றும் எருமைக்கன்று கனம்.

கிறிஸ்துமசுக்கு முந்திய வாரம், மூட்டைகளோடு இருவரும் ரயிலேறினார்கள். பெண்கள் பெட்டியில் கால் வைக்க இடமில்லை. மூட்டைகள் உள்ளே வந்த சற்று நேரத்தில் பெஞ்சு முழுவதும் காலி. நெமிலிக்காரம்மா ஒருவர் மட்டும் முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு கேட்டார்:

"இன்னாம்மா மூட்டையில?"

"அநாதப் புள்ளைங்களுக்குப் போர்வைம்மா."

"நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டு, அவரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். அப்புறம் அந்தத் தலை உள்ளே வரவேயில்லை.

மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா பேகம்மா, தர்மத்துக்குப் போறோம்னு தெரிஞ்சதும் எப்படி எடம் விடறாங்க!"

வாணியம்பாடியில் ஏறியவர்கள் மட்டும் சௌகரியமாக மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். அங்கும் தோல் ஷாப்புகள் உண்டு.

ஜோலார்பேட்டையில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தபோது ஒரு நாய் பின்னால் வந்தது. லெவல்கிராசிங் தாண்டுவதற்குள் ரயில்வே காலனி நாய்கள் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டன. விடுதி வாசலில் வண்டி நின்றபோது, திருப்பத்தூர்வரைக்கும் குரைக்க ஒரு நாய் மிச்சமில்லை.

விடுதியை நடத்துபவர் நவமணி அம்மாள், திருநெல்வேலிச் சீமைக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேலை, எறும்பு தும்மினால்கூடக் கேட்கும் காது, அதைவிடக் கூர்மையான மூக்கு. மூட்டை அவிழ்ந்தது. மலையிலிருந்து இறங்கிய ஈரப்பனி ரோமத்தில் பட்டது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வாடை சோம்பல் முறித்து எழுந்து நின்றது. கொடியில் காய்ந்த துணிகள் எதிர்ப்பக்கமாகப் பறந்தன.

நவமணி அம்மாள் மெல்லப் பின்வாங்கினார்.

"இங்க ஏதோ எலி செத்துக் கெடக்குது போல இருக்குதும்மா" என்றாள் மேரி அனுதாபத்தோடு. "உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"எலி இல்லம்மா. உங்க மூட்டைதான்."

இருவரும் ரஜாயை எடுத்து மோந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி மோந்தார்கள்.

"தோபா தோபா! என் கல்யாணத் துப்பட்டாவப் போயி நாத்தம்னு சொல்றாங்களே!" என்றார் பேகம்.

"துப்பட்டாவச் சொல்லலம்மா. நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியுது. ஆனா இத மூடிக்கிட்டு எந்தப் பிள்ளையாவது தூங்குமா? சீக்கு வந்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? தயவுசெஞ்சு திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க."

தாழ்வாரத்தில் சுருட்டி வைத்திருந்த கோணிச் சாக்குகள் மேரியைப் பார்த்துச் சிரித்தன. ஊரில் கோயிலே சிரிக்கும், அதுகூடப் போகட்டும். இன்று பொழுது சாய்ந்தால் இந்தப் பிள்ளைகள் மறுபடியும் சாக்கில்தானே நுழைய வேண்டும்?

"வெயில்ல போட்டா போய்டும்மா. ரெண்டு நாள் போட்டுப் பாருங்க" என்று கெஞ்சினாள்.

"எந்த வெயில்லம்மா? இந்த மாசம் இங்க சூரியனே போர்வைக்குள்ளதான் இருக்கு."

மூட்டைகளை வாசலுக்கு வெளியே புங்கமரத்தடியில் இறக்கச் சொன்னார். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவரும்வரைக்கும் இருவரும் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார்கள். வெளிச்சம் மங்கியது. பேகம் சண்டைக்குக்கூட வரவில்லை. அதுதான் மேரிக்குப் பயமாக இருந்தது.

அப்போது பிள்ளைகள் கைகால் கழுவ வரிசையாக வந்தார்கள். பல்லெல்லாம் தாளம் போட்டது. வரிசையில் நின்ற எல்லம்மா, பல் விழுந்து முளைக்காத ஒரு சிறுமி, சட்டென்று நின்று மூக்கைத் தூக்கினாள். வரிசையை விட்டு, நாய்களை விலக்கிக்கொண்டு நேராக மூட்டைக்கு வந்தாள். ஒரு ரஜாயை இழுத்து அதற்குள் முகத்தைப் புதைத்தாள்.

"ஏ எல்லம்மா, வா இங்க!" என்று நவமணி அம்மாள் சத்தம் போட்டார்.

ரஜாய்க்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எங்கப்பா வாசன."

கன்னியப்பன் என்ற பையன் ஓடிவந்து மோந்தான். "ஆமாண்டி! ஷாப்பு உட்டு வர்றப்ப எங்கப்பாவும் இப்பிடித்தான் வாசன வருவாரு!" பின்னாலேயே வாணியம்பாடிப் பிள்ளைகள் வந்து விழுந்தார்கள். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் "அய்யே" என்றார்கள். ரஜாய்க்குள் கதகதப்பு இருப்பதைக் கண்டதும் அவர்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். குல்லாவுக்கு அடிதடி. கழுத்தில்லாத சட்டைக்குள் இரண்டு பேர் குடியேறினார்கள். ஏலகிரி மலை எட்டிப் பார்க்குமளவுக்குக் கூச்சல்.

மேரி தானும் ஒரு ரஜாயை எடுத்து, கண்ணை மூடி, நெஞ்சு கொள்ளுமட்டும் இழுத்துப் பார்த்தாள்.

"வருதா?" என்று கேட்டார் பேகம், ரகசியமாக.

"எனக்கு ஒண்ணும் வரலியே, பேகம்மா."

"எனக்கும்தான். குடுத்து வச்சதுங்க."

நவமணி அம்மாள் உள்ளே போய், கற்பூரக் கட்டியை வெள்ளைத் துணியில் முடிந்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரி வெளியே வந்தார். "எல்லாத்தையும் உள்ள தூக்குங்க. நாயிகள வெளியவே விடுங்க" என்று துணிக்குள்ளிருந்து உத்தரவு வந்தது.

வண்டிக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மேரி கிளம்புமுன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எல்லம்மா அதற்குள் தூங்கிப்போய், ரஜாயை உதைத்துத் தள்ளியிருந்தாள். நவமணி அம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டே விரலால் அதன் ஓரத்தைக் கிள்ளிப் பிடித்து, பிள்ளையின் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டார்.