ராஜோ சுவர்ணா

சுவர்ணாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. மகனுக்குச் சம்பந்தம் பேசக் கோலியர்ஸ் வுட்டுக்குப் போன இடத்தில், தேத்தண்ணீர் ஆறுவதற்குள், பெண்ணின் தாய் யுஸ்னிதார் சிரித்த முகத்தோடு ஆங்கிலத்தில் சொன்னாள்: “கலியாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம்.”

சுமாத்ராவின் மினாங்கபாவ் பெண் ரஹ்மியைத்தான் கட்டுவேன் என்று நின்று, ரதீசன் பள்ளிவாசலில் கலிமாவும் சொன்னபோதே சுவர்ணா அழவேண்டியதை அழுது தீர்த்துவிட்டாள். பெண் வீட்டில்தான் இருப்பான் என்றது அவளுக்குப் புதினமில்லை. யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு பெண்ணுக்குத்தானே. ஆனால் பேர்? அது அவள் ஆசைப்பட்டு வைத்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பாஸ்போட் வரைக்கும் போன ‘கருணாகரன்’, பிள்ளை நடை பழகும்போதே வேறொருத்தியோடு போய்ச்சேர்ந்த புண்ணியவானுடையது. வளர்த்தது இவள். பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் ‘மிஸிஸ் கருணாகரன்’ என்று கூப்பிட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பிப் போனதும் இவள்தான். சம்பந்தி வீட்டாருக்கும் அவள் மிஸிஸ் கருணாகரன்தான்.

“நான் வைச்ச பேருக்கு என்ன குறையாம்? கேள் தம்பி,” என்றாள் மகனிடம்.

“குறையில்லை அம்மா. கலியாணம் முடிச்ச ஆம்பிளையைச் சும்மா பேர் சொல்லிக் கூப்பிட்டா இவையளிட்ட மரியாதையில்லை. ஒரு பட்டம் இருக்கும். அதைச் சொல்லித்தான் கூப்பிடுவினம்.”

“பட்டத்தை ஆர் வைக்கிறது? அவையளோ?”

ரதீசன் அதை ஆங்கிலத்தில் சொல்ல, ரஹ்மி தாய்க்கு விளங்கப்படுத்தியதும் யுஸ்னிதார் திகைத்துப்போனாள். “நாங்களா? அது மாப்பிள்ளையின் தாய்வீட்டிலிருந்து வரவேண்டியது. எங்களுக்குக் குலமே தாயால்தான் வருகிறது. உங்கள் அண்ணன் எழுந்து நின்று சொல்லவேண்டும்.”

அதுவரை வாழைப்பழப் பொரியலோடு மினக்கெட்டுக்கொண்டிருந்த தமையன் ஆனந்தராஜாவுக்குப் புரையேறியது. தோர்ண்டன் ஹீத்தில் மளிகைக் கடை நடத்தும் மனுசன். பட்டத்துக்கு அவர் எங்கே போவார்?

கலியாணத்தன்று நோர்பரிக்கு, சுவர்ணாவின் வீட்டுக்கே, பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார்கள். பித்தளைத் தட்டில் வெற்றிலை. அதுவும் ஆனந்தராஜாவின் கடை வெற்றிலைதான். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எல்லாரும் பட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். சுவர்ணாவுக்கு ஒரே கவலை. தமையன் ஏதாவது கோமாளித்தனமாகச் சொன்னால், பிள்ளை காலம் முழுக்க அதைச் சுமக்கவேண்டுமே.

ஆனந்தராஜா எழும்பினார். தொண்டையைச் செருமினார். பிறகு சபையை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்துத்தான் பேசினார்.

“பிள்ளை, எங்கட பக்கத்தில பட்டமும் இல்லை, பவிசும் இல்லை. ராஜோ எண்டா ராஜாவாம், அது அவையின்ர வழக்கத்தில இருக்கு. மிச்சத்துக்கு நான் எங்கயும் தேடேல்லை. இவனை ஆளாக்கினது நீ. மருமோன்ர பட்டம் ராஜோ சுவர்ணா.”

“சுவர்ணாவா?” யுஸ்னிதார் முன்னுக்கு வந்தாள். “அது எங்கே கிடைத்த சொல்?”

“அது என் அம்மாவின் பேர்,” என்றான் ரதீசன் ஆங்கிலத்தில்.

யுஸ்னிதார் சுவர்ணாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “எங்கள் தீவின் பழைய பெயர் சுவர்ணத்வீபம். பொன் தீவு. இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லவில்லை?”

ஒருவரும் கேட்கவில்லையே என்று சுவர்ணாவுக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குப் பதில் பெருமையோடு அந்தக் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கோலியர்ஸ் வுட் வீட்டில் பாய் விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். மாப்பிள்ளையை முதல் பந்திக்கு அழைக்க, குசினி வாசலில் நின்று யுஸ்னிதார் வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்:

“ராஜோ சுவர்ணா!”

ரதீசன் எழும்பினான். கூடத்தின் மறுபக்கத்தில், கூப்பிட்டது தன்னையல்ல என்று தெரிந்தும், சுவர்ணாவும் எழும்பினாள்.