லிங்கராஜின் அரணாக்கயிறு

லிங்கராஜைக் கடவுள் சொறிவதற்கென்றே படைத்திருக்க வேண்டும் என்று அவன் பெண்டாட்டி செல்வராணி நினைத்தாள். துறைமுக ரோட்டில் தகரக் கூரை போட்ட பலசரக்குக் கடை. காலையில் கட்டுகிற வேட்டி, வெயில் ஏறுவதற்குள் இடுப்பில் நனைந்துவிடும். கல்லாவில் உட்கார்ந்து ஒரு கையால் சாமான் கொடுப்பான், மறுகையால் இடுப்பைச் சொறிவான். அரணாக்கயிறு கிடக்கும் தடம் முழுக்க வட்டம் வட்டமாகப் படர்தாமரை.

டாக்டரிடம் போக இந்தத் துரைக்கு வெட்கம். மெடிக்கல் வைத்திருக்கும் கூட்டாளி கிருபாகரன் ஒரு டியூபை நீட்டினான். தடவினால் அன்றைக்கே அரிப்பு அடங்கும். நிறுத்தினால் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். உடனே இன்னொரு டியூப். "மருந்து நல்லா கேக்குதுளா" என்று பெருமை வேறு. கேட்கிறதாம், கிழிக்கிறதாம்!

அவன் தோலை அவன் பிய்த்துக்கொள்ளட்டும், அவளுக்கென்ன? ஆனால் மகள் ரம்யாவின் கன்னத்திலும் ஒரு வட்டம் வந்துவிட்டது. இப்போதுதான் நடை பழகுகிற பிள்ளை. மத்தியானம் சட்டையில்லாத அப்பன் வயிற்றில் படுத்துத்தான் தூங்கும். தான் துவட்டிய துண்டிலேயே அதையும் துவட்டுவான். போதாக்குறைக்கு, அவளுக்குத் தெரியாமல் தன் டியூபைப் பிள்ளை கன்னத்திலும் தடவியிருந்தான், மகா வைத்தியன். வட்டம் கண்ணோரம் வரை ஏறிவிட்டது.

இரண்டு பேரையும் தோல் டாக்டர் ஜெப்ஸியிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் டியூபை வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பை அமுக்கிட்டு, பூஞ்சையை வளத்துவிடும். பிள்ளைக்குத் தனி மருந்து தாரேன். ஆனா உங்களுக்குச் சரியாகாம பிள்ளைக்குச் சரியாகாது. தடம் மறைஞ்சாலும் நான் சொல்லுத வரைக்கும் நீங்க மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆளுக்கொரு துண்டு. துணியைச் சுடுதண்ணில துவைச்சு வெயில்ல காயப் போடுங்க. உங்களுக்குச் சரியாகுத வரைக்கும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். முதல்ல அந்தக் கயிறை எடுங்க. வேர்வையில ஊறிக் கிடக்கு, பூஞ்சை அதுலதான் குடியிருக்கு."

லிங்கராஜின் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் புலம்பல்.

"அரணாக்கயிறை அறுக்கது செத்தவனுக்குத்தான்ளா. உசுரோட இருக்கவன் வெறும் இடுப்போட இருக்கலாமா?"

"பிள்ளை மூஞ்சி எக்கேடு கெட்டாலும் உங்க இடுப்பு வெறுமையா இருக்கக்கூடாது. நல்லா இருக்கு உங்க ஞாயம்!"

மறுநாள் குளித்துவிட்டு வந்தவன் அறுத்த கயிற்றை அவள் முன்னால் போட்டான். அவளும் நம்பி, அதை அடுப்பில் போட்டு எரித்தாள். தினமும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கிக் கசக்கி அவள் கை வெந்தது. பிள்ளையின் கன்னம் தெளிந்துகொண்டு வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதன் தொடையில் புதிதாக ஒரு வட்டம்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். லாரி டிரைவர்கள் சிலர் கூட நின்றார்கள். நிற்கட்டும்! பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு லிங்கராஜின் சட்டையை மேலே தூக்கினாள். கன்னங்கரேலென்று புத்தம்புதுக் கயிறு. அதற்கடியில் அதே சொறி, செக்கச்செவேலென்று.

"பழசத்தான் அறுத்தேனே!" என்று லிங்கராஜ் குழறினான். "புதுசக் கட்டிட்டுத்தான பழச அறுக்கணும்? அதான முறை?"

"முறையாம் முறை! குடியிருந்தவனக் காலி பண்ணிட்டு, அவனுக்கே புது வீடு கட்டிக் குடுத்திருக்கீங்க. பிள்ளையத் தூக்குனீங்களா?"

அவன் தலையைக் குனிந்தான். "நீ துணி துவைக்கப் போயிருந்த. பிள்ள அழுதிச்சு. மடியில வச்சேன்."

கல்லாவில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஏளா, வேண்டாம்ளா!"

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஒரே வெட்டு. கயிறு கீழே விழுந்த பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொறங்க. உசுரு இங்கனதான் கிடக்கு, எங்கயும் போகல."

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். லிங்கராஜ் கண்ணைத் திறந்தான். எதிரே ரம்யா, "ப்பா" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அவன் மேல் பாய வந்தது. வழக்கம்போல் நீண்ட அவன் கை பாதியில் நின்றது. பிள்ளையின் தொடையை அவன் அப்போதுதான் பார்த்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். பிள்ளை வீறிட்டது. அவனும் அழுதான், அத்தனை பேர் முன்னாலும்.

வையத்தான் வந்தாள் செல்வராணி. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மாத்திரையப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.