விளக்கில் பிடித்த சுருள்

இலக்கியா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவளுடைய அப்பா மாதேஸ்வரன் அவளது பழைய கேமராவின் பின்மூடியைத் திறந்து, உள்ளிருந்த படச்சுருளை மூன்று முழத்துக்கு உருவி, முட்டை பார்க்கும் விளக்கின் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் தோளில் கிடந்த பை நழுவி விழுந்தது.

“ஒண்ணுமே காணமே சாமி. ஒரு படங்கூட உழுகலையாட்ட இருக்குது” என்றார்.

எருமப்பட்டிப் பக்கம் குஞ்சு பொரிப்பகத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. பத்தாம் நாள் முட்டையை விளக்கில் காட்டினால் சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை ஒதுக்கிவிடுவார்.

“வெளிச்சம் பட்டா எல்லாம் போயிரும்ப்பா. முப்பத்தஞ்சு படம். அத்தனையும் அம்மா.”

அம்மா உஷாராணியின் கன்னத்தில் வெண்புள்ளி வந்த எட்டு வருடத்தில் அவளுக்கு ஒரு படமும் கிடையாது. செல்போனில் எடுத்தால் வாங்கிப் பார்த்து, “அழிச்சுரு” என்பாள். சேலத்துப் பழைய சாமான் கடையில் இலக்கியா வாங்கிய, சோப்புப் பெட்டி அளவுள்ள இந்தக் கேமராவுக்குத்தான் இணங்கினாள். இதில் உடனே பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. போன ஞாயிறு ஜேடர்பாளையம் அணைக்கட்டில் முந்தானையை விலக்கிவிட்டுச் சிரித்தாள். அடுத்த மாதம் கல்யாணமாகிப் போகிற இலக்கியா, கொண்டுபோக நினைத்தது அந்த முகத்தைத்தான்.

“உங்கம்மா எப்படி உழுந்திருக்கறான்னு பாக்கலாம்னு…” மாதேஸ்வரன் சுருளை அவசரமாகக் கேமராவுக்குள் திணிக்கப் பார்த்தார். அது சுருண்டு சுருண்டு மடியில் விழுந்தது.

உஷாராணி அடுப்படியிலிருந்து வந்தாள். அம்மாவுக்கு இது நிம்மதியாகத்தான் இருக்கும் என்று இலக்கியா நினைத்தாள்.

உஷாராணி தவிட்டு நிறச் சுருளை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

“ஏனுங்க, முட்டையும் இதும் ஒண்ணுங்களா? எட்டு வருசங் கழிச்சுச் சிரிச்சேன். அது எப்படி இருக்குதுன்னு பாக்கோணும்னு நானே பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்.”

இலக்கியா திகைத்துப்போய் அம்மாவையே பார்த்தாள். சுருள் பாழானபோதுகூட இப்படி அதிரவில்லை.

“நீ பாக்கோணும்னு இருந்தியாம்மா?”

“பின்னே? இன்னொரு சுருள் வாங்கியா. வர ஞாயித்துக்கெழமை போலாம். இந்த மனுசன் மட்டும் வெளக்கப் புடிச்சுட்டு ஊட்லயே கெடக்கட்டும்.”

மாதேஸ்வரனுக்கு அப்போதுதான் விளக்கை அணைக்கத் தோன்றியது.