நெப்போலியன் அளவு

பழைய இஞ்ச் டேப்புகளையெல்லாம் வாங்கித் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு, முதலாளி திருமூர்த்தி ஆளுக்கொரு புது டேப் கொடுத்த அன்று கட்டிங் ரூமில் வேலையே ஓடவில்லை. அறுபத்திரண்டாம் வருஷம், சர்க்கார் உத்தரவு. இனிமேல் பனியனுக்கு முப்பத்திரண்டு, முப்பத்திநாலு கிடையாது; எண்பது, எண்பத்தைந்து என்று சென்டிமீட்டரில்தான் லேபிள் ஒட்ட வேண்டும். "எம்பதுன்னா யானைக்குத்தானுங்க மாட்டோணும்" என்று சொல்லிக்கொண்டே டெய்லர் ஆத்தப்பன் சுவரோரம் போய் விறைப்பாக நின்று, தன்னை அளக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்து சுவரில் முதுகைச் சாய்த்தார்கள். நூற்று அறுபத்தேழு, நூற்று எழுபது என்று சத்தமாக எண்களைச் சொல்லிக் கேட்க, எல்லோருக்கும் திடீரென்று வளர்ந்துவிட்ட சந்தோஷம்.

கட்டிங் மாஸ்டர் நஸ்ருதீன் மட்டும் வெட்டு மேஜையை விட்டு நகரவில்லை. கையில் பிடித்த கத்திரியை வைத்தே ஆளை எடை போட வேண்டுமென்றால், திருப்பூரில் அவனை அடித்துக்கொள்ள ஆள் குறைவு. ஆனால் உலகம் கத்திரியையா முதலில் பார்க்கிறது? ஆத்தப்பன் தோளைத் தள்ளிக்கொண்டுபோய் அவனையும் சுவரோரம் நிறுத்தினார். நூற்று ஐம்பத்திரண்டு. "பரவால்லீங்க, மாஸ்டரும் நூறத் தாண்டிட்டாரு" என்றார் ஆத்தப்பன். அறையே சிரித்தது. நஸ்ருதீனும் சிரித்தான். தானும் சேர்ந்து சிரித்துவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்பது அவன் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது. சிரித்துக்கொண்டே, உள்ளுக்குள் நெப்போலியனை நினைத்துக்கொண்டான்.

நெப்போலியன் அவனுக்கு ஆறாம் வகுப்பில் கிடைத்தவர். டிரில் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிறுத்தப்பட்டு அழுது நின்றவனிடம் சரித்திர வாத்தியார் போகிறபோக்கில், "நெப்போலியன் உன் அளவுதாண்டா. ஐரோப்பாவையே மடக்கிப் போட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுத்த நிமிஷம் மறந்திருப்பார். நஸ்ருதீன் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவன் எங்கே நடந்தாலும் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. நொய்யல் ஆற்றங்கரையில் சலவைப் பட்டறைக்காரர்கள் வெளுத்த துணியைக் காடு முழுக்க விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. பனியை ஒருநாளும் பார்த்திராத நஸ்ருதீனுக்கு அதுதான் ரஷ்யா. பிளீச்சிங் பவுடர் வாடையை இழுத்துக்கொண்டு ரஷ்யாவின் ஓரமாக அவனும் சக்கரவர்த்தியும் போவார்கள். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. ஒரே அளவுக்காரர்களுக்குள் பேச என்ன இருக்கிறது.

நல்லூர் சபுராவைக் கட்டிக்கச் சம்மதமா என்று அக்கா சைதுன்னிசா கேட்டபோதும் அவன் அந்தத் தைரியத்தில்தான் தலையாட்டினான். சபுராவை அவன் ஒரு முறை பார்த்திருக்கிறான். நூல் கோன் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போனாள். பக்கத்தில் வந்த அண்ணனைவிட உயரம். முக்காட்டை இழுத்துவிட்டபடி அவள் திரும்பிப் பார்த்த ஒரு பார்வை அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. ஒன்றரை வருஷமாகியும் அது ஆறவில்லை. அவளுக்கோ வருகிற மாப்பிள்ளையெல்லாம் உயரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அக்கா போய், "என்ற தம்பி கொஞ்சம் கட்டைதானுங்க. ஆனா நெப்போலியனும் அதே ஒசரந்தான்" என்று ஒரு போடு போட்டிருக்கிறாள். சபுராவின் அம்மா அஜீஸுன்னிசா வெற்றிலையை மடித்தபடி, "அவிங்க எந்தூருங்க, நம்மாளுகதானா?" என்று கேட்டாளாம். எப்படியோ பேச்சு முடிந்து, வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு பெண் வீட்டில் தேதி குறிப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை பின்னல் மெஷினில் சிலிண்டர் மக்கர் செய்ய, பாண்டிச்சேரியிலிருந்து சவரிநாதன் என்கிற மெக்கானிக் வந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்து மில்லில் வேலை பார்த்தவர். மத்தியானம் மெஷின் ஓட ஆரம்பித்ததும் டீக்கடைக்குக் கூட்டிப்போன நஸ்ருதீனுக்கு, ஏதோ மாமனார் வீட்டு ஆளைப் பார்த்த பிரியம். மெதுவாக நெப்போலியன் பேச்சை எடுத்தான்.

"அவரு நம்ம அளவுதானுங்களே?"

சவரிநாதன் கிளாஸை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "யாருப்பா சொன்னது? அவன் சராசரி உயரம். செத்தப்புறம் அவனோட டாக்டர் அளந்து அஞ்சடி ரெண்டுன்னு எழுதி வச்சான். அது பழைய பிரெஞ்சுக் கணக்கு. எங்க தாத்தா கொத்தனாரு, அவர்கிட்ட அந்தக் காலத்து அடிக்கோல் ஒண்ணு இருந்துச்சு. இங்கிலீஷ் அடிக்கோலோட சேத்து வச்சா முக்கா இஞ்சு நீட்டிக்கிட்டு நிக்கும். உங்க கணக்குல அவன் அஞ்சரை அடி. அவன் ஊர்ல அப்போ அது நல்ல உயரம். இங்கிலீஷ்காரனுக்கு அவனைக் கண்டா ஆகாது, படத்துல எல்லாம் குட்டையாவே வரைஞ்சு தள்ளிட்டான்." அதோடு விட்டிருக்கலாம். "ரஷ்யாவுல பனி கொன்னுச்சுன்றாங்களே, அதுவும் பாதிதான். போகும்போதே வெயில்லயும் காய்ச்சல்லயும் ஏகப்பட்ட பேர் போயிட்டாங்க."

வேறு யாராக இருந்தாலும் விவாதம் பண்ணியிருப்பார்கள். நஸ்ருதீனால் முடியவில்லை. முந்தாநாள்தான் ஆத்தப்பன் பழைய ஞாபகத்தில் பனியன் கைக்கு ஏழு என்று புது டேப்பில் அளந்து வெட்டித் தள்ளியிருந்தார். ஏழு இஞ்ச் வர வேண்டிய கை, ஏழு சென்டிமீட்டரில் பொம்மைக்குப் போடும் கையாக வந்து நின்றது. எண் ஒன்றுதான், கோல் வேறு. சக்கரவர்த்தியையும் எவனோ ஆத்தப்பன் வெட்டியிருக்கிறான். வெட்டுகிறவனுக்கு இது விளங்க எவ்வளவு நேரமாகும்? டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து, சாயங்காலம் வரை ஒரு துண்டுத் துணிகூட அவன் வெட்டவில்லை.

வியாழக்கிழமை மாலை நல்லூருக்கு நடந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு. அவளை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லைதான். ஆனால் அந்த உயரத்துக்குப் பக்கத்தில் மாலையும் கழுத்துமாகத் தனியாக நிற்க அவனால் ஆகாது. கரையோரம் வந்தபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்து, காயப்போட்ட துணியெல்லாம் மெல்ல மேலெழும்பி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. குதிரை வந்தது. வழக்கம்போல வந்தது, ஆனால் பாதியில் நின்றுவிட்டது. நெப்போலியன் கீழே இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் இறங்கி நின்று அவன் பார்த்ததே இல்லை. நின்றவரை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய சபுராவின் உயரம். "நான் ஒருநாளும் குள்ளனென்று சொல்லவில்லையே" என்பதுபோல் கொஞ்சம் சங்கடத்துடன் அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நஸ்ருதீனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இரண்டு பெண்கள் துணியைச் சுருட்டிக்கொண்டே வர, ரஷ்யா ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகக் காலியாகி, கீழே காய்ந்த புல் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. மிச்ச தூரத்தை அவன் தனியாகவே நடந்தான்.

அஜீஸுன்னிசா வாசலுக்கு வந்து திகைத்துப்போனாள். "மாப்ளே, நாளைக்குத்தானுங்களே? தெருவுல நிக்காதீங்க, உள்ள வாங்க."

"இல்லீங்க மாமி. சொல்லிப்போட்டுப் போயிர்றேனுங்க." வாசற்படியிலேயே நின்றான். "அக்கா உங்ககிட்ட நெப்போலியனப் பத்திச் சொல்லுச்சுங்களே, அது தப்புங்க. அவரு குள்ளமில்லீங்க. அளந்த கோலு வேற. நம்ம இஞ்சுக்கு அஞ்சரை அடி வருமுங்க."

அஜீஸுன்னிசா மனதுக்குள் விருந்தாளிக் கணக்கைக் கூட்டிக்கொண்டாள். "அவிங்க நாளைக்கு வர்றாங்களா?"

"அவரு மவுத்தாகி நூத்திநாப்பது வருசமாச்சுங்க."

"இன்னா லில்லாஹி" என்றாள் அவள், சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் பழக்க தோஷத்தில்.

"அவரு இருக்காருங்கிற தைரியத்துலதான் நான் சரின்னேனுங்க. இப்ப அது இல்லீங்க. உங்க புள்ள பக்கத்துல நான் நின்னா ஊரே சிரிக்குமுங்க. நீங்களே ரோசன பண்ணிப் பாருங்க."

உள்ளே கதவுக்குப் பின்னால் கோன் சுற்றும் ராட்டை ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"ஏம்மா, ஒண்ணு கேட்டுச் சொல்லு" என்றது சபுராவின் குரல். "வேண்டாம்னு சொல்ல வந்தாங்களா, நம்ம வாயில வேண்டாம்னு வர வைக்க வந்தாங்களா?"

நஸ்ருதீனுக்குக் காது சுட்டது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்பதே அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இதுக்கு முன்ன வந்தவிங்க எல்லாம் சாயாவைக் குடிச்சுப்போட்டு, ஊட்டுக்குப் போயி ஆளுகிட்ட சொல்லியனுப்பிச்சாங்க, புள்ள எச்சு ஒசரம்னு. நேருல வந்து ஒருத்தரும் சொல்லலீங்க. நீங்க உங்க ஒசரத்தச் சொல்றீங்க." குரல் இப்போது நேராக அவனிடம் பேசியது. "யாரு வந்தாலும் எந்திரிக்காதடீன்னு அம்மா சொல்லும். உக்காந்து உக்காந்து எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. நாளைக்கு உங்காளுக வர்றப்ப நான் நின்னுக்கிட்டுத்தான் இருப்பேன். சிரிக்கிறவிங்க சிரிக்கட்டும். அதுக்குச் சம்மதம்னா வாங்க. இல்லீன்னா, வேண்டாம்ங்கிறத நீங்களே சொல்லிப்போட்டுப் போங்க."

"சபுரா" என்று அதட்டிய அஜீஸுன்னிசாவின் குரலில் அதட்டலைவிடப் பயம்தான் அதிகம். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நஸ்ருதீன் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அங்கே எதிர்வீட்டுச் சுவர்தான் இருந்தது.

அவன் செருப்பைக் கழற்றினான்.

கதவு திறந்தது. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சபுரா ஒதுங்கி வழிவிட்டாள். அந்த வீட்டு நிலை தாழ்வு. அவளும் அவள் அண்ணனும் பிறந்ததிலிருந்து அதில் முட்டிக்கொண்டு வளர்ந்தவர்கள். யார் படியேறினாலும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"பாத்துங்க, தலை."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் தலைக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தது. இருபத்தெட்டு வயதுவரை யாரும் அவனிடம் சொல்லியிராத அந்த வார்த்தையைக் கேட்டு, நஸ்ருதீன் நன்றாகவே குனிந்து உள்ளே போனான்.