செவலை இறங்கிய புல்வெளி

பஞ்சத்துக்குப் பிறகு சிமலோய்க்கு மிஞ்சியது ஒரே ஒரு செவலைப் பசு. அதுவும் நிறைசினை. அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரா ஆற்றோரத்து மசாய் ஊர்ப்பொதுச் சமவெளியை மிருகங்களுக்கே விடுவோம் என்று கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவளும் அவள்தான். வேலிகளைப் பிடுங்கினார்கள். புல் வளர்ந்தது, வரிக்குதிரை வந்தது. இந்த மழைக்கு, பல வருடமாக எட்டிப்பார்க்காத, தாடி வைத்த வில்டபீஸ்ட் மான் மந்தையும் கன்று ஈன வந்து இறங்கிவிட்டது. ஊரே தலைகால் புரியாமல் கூத்தாடியது.

ஆனால் அவை கன்று ஈன்ற இடத்தில் மாடு மேய்ந்தால் நோய் தொற்றும். அதற்கு மருந்தே கிடையாது. ஆகவே எல்லோரும் மாடுகளைக் கல்மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே புல்லா இருக்கிறது? செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது.

"வாங்க வாங்கன்னு கூப்பிட்டியே அக்கா, உன் தாடிக்காரனுங்க வந்துட்டானுங்க. உன் மாடு இப்ப கல்லைத் திங்குது" என்பாள் இளைய சக்களத்தி நாசியெகு.

"உன் வாயைத்தான்டி மேட்டுக்கு ஓட்டணும். இந்த வீட்டுல அது ஒண்ணுதான் கொழுத்துக் கிடக்கு!"

ஒருநாள் சிமலோய்க்குக் காய்ச்சல். நாசியெகு மாட்டை ஓட்டிப் போனாள். மத்தியானம் செவலையின் மணி மேட்டுப் பக்கமிருந்து கேட்கவில்லை, கீழேயிருந்து கேட்டது. சிமலோய் விழுந்தடித்து ஓடினாள்.

வயிறு உரசும் புல்லில் செவலை மேய்ந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வில்டபீஸ்ட் கன்றுகள் ஈரம் காயாமல் தள்ளாடிக்கொண்டிருந்தன.

"எப்படி மேயுது பாருக்கா! வயித்துல கன்னோட பட்டினி கிடந்துச்சே, பாவம்."

"அடிப்பாவி! என் குடியைக் கெடுத்துட்டியேடி!"

நாசியெகு தூர வடக்கேயிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் ஊரில் தாடிக்காரர்களே கிடையாது. மிருகங்களுக்குப் புல் மிச்சம் வைக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு, ஒரு மாடு தின்றால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்துவிட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து, நோயைப் பற்றி யாரும் அவளிடம் சொல்லவில்லை. சிமலோயும்தான் சொல்லவில்லை.

சில வாரங்களில் செவலையின் கண்ணில் வெள்ளை படர்ந்தது. மூக்கு ஒழுகியது. வயிற்றுக் கன்றோடு சாய்ந்தது.

"அந்தத் தாடிக்காரனுங்களை அடிச்சு விரட்டினாத்தான் சரிப்படும்" என்று ஆண்கள் கொதித்தார்கள்.

"எதுக்கு? அதுங்களும் பிள்ளை பெக்கத்தானே வந்துச்சுங்க" என்றாள் சிமலோய். அழுதுகொண்டேதான் சொன்னாள். நாசியெகுவின் முகத்தை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை நாசியெகு வாசலில் நின்றாள். பக்கத்தில், அவள் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்த கிடாரி. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதன் கயிற்றைச் சிமலோயிடம் நீட்டினாள்.

மசாய் வழக்கத்தில் கிடாரி தந்தவளும் பெற்றவளும் அதன்பின் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சாகும்வரை 'பாஷே'தான், கிடாரியால் உறவானவள். பிடிக்காதவளிடம் யாரும் கிடாரி வாங்க மாட்டார்கள்.

சிமலோய்க்குக் கோபம் தீர்ந்தபாடில்லை. 'போடி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கிடாரி அவள் கையை நக்கியது.

"வெயில் ஏறுது. இதையாவது மேட்டுக்கு ஓட்டு" என்றாள் சிமலோய். "நானும் வரேன், பாஷே."