வியாகுல மாதாவுக்கு உடுத்துகிறவள்

வியாகுல மாதாவின் சுரூபத்தில் செதுக்கியது முகமும் இரண்டு கைகளும் மட்டும்தான். இடுப்புக்குக் கீழே கூடையைக் கவிழ்த்ததுபோல எட்டு மரச்சட்டங்கள். அவற்றின்மேல் கஞ்சி போட்ட உள்பாவாடை மூன்று, அப்புறம்தான் கறுப்பு வெல்வெட். குண்டூசியை மேலிருந்து கீழாகச் சாய்த்துக் குத்த வேண்டும். இல்லாவிட்டால் பவனியில் பல்லக்குக் குலுங்கும்போது நழுவிவிடும்.

பத்தொன்பது வருஷமாக எவுலாலியாதான் மாதாவுக்கு உடுத்திவிடுகிறாள். உடுத்தாத மாதாவைக் கல்யாணமாகாத பெண் மட்டுமே பார்க்கலாம் என்பது அந்தக் குவாத்தமாலா ஊரின் கட்டுப்பாடு. அப்படிப்பட்டவளை நாற்பத்திரண்டு வயதிலும் ‘நின்யா’ என்றே, சின்னப் பெண்ணைப்போலக் கூப்பிடுவார்கள். சுரூபங்களுக்குத் துணி உடுத்தத்தான் லாயக்கு என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

பெரிய வியாழன் காலையில் பார்த்தால், இரண்டு சட்டங்களைக் கரையான் தின்றிருந்தது. மறுநாள் பெரிய வெள்ளிப் பவனி. தச்சர் வேண்டும், ஆனால் ஆண் பார்க்கக் கூடாது. ஆகவே கோயிலின் பின்னறையில் குறுக்கே ஒரு போர்வையைக் கட்டினார்கள். அந்தப்பக்கம் தச்சர் ஃபெர்மின், மனைவி இறந்து நான்கு வருஷமானவர்; மரியாதைக்கு ஊரில் ‘தோன்’ ஃபெர்மின் என்பார்கள். இந்தப்பக்கம் மாதாவும் எவுலாலியாவும். அவள் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, போர்வைக்கு அடியில் தள்ளுவாள். அவர் அந்த நீளத்துக்குச் சட்டத்தை அறுத்துத் தள்ளுவார்.

“சரியா இருக்கா பாருங்க, நின்யா.”

“ஒரு விரக்கடை கூட இருக்கு, தோன் ஃபெர்மின். மாதா நொண்டினா ஊரே உங்களைத்தான் திட்டும்.”

“நீங்க திட்டினாப் போதும், ஊர் எதுக்கு?”

அவள் சிரித்தபடி சட்டத்தைத் திருப்பித் தள்ளினாள். அறுத்த சட்டம் திரும்பி வரவில்லை; குரல்தான் வந்தது.

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

வாசலுக்கு வெளியே காவலிருந்த அக்கா ஒப்தூலியா துள்ளி எழுந்தாள். “சரின்னு சொல்லுடி! உடுத்த வேற ஆள் கிடைப்பா. உனக்கு இன்னொரு ஆம்பளை கிடைப்பானா?”

“அக்கா, நீ காவலுக்கு வந்தியா, ஒட்டுக்கேக்க வந்தியா?”

“ரெண்டுக்கும்தான்!”

எவுலாலியா மாதாவின் முகத்தைப் பார்த்தாள். ஃபெர்மின் நல்லவர், சிரிக்கவும் வைக்கிறார். கல்யாணமும் கடவுள் கொடுப்பதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. காலையில் இரண்டு கோப்பைக் காப்பியை நினைத்துப் பார்த்தாள். அதுவும் இனிப்பாகத்தான் இருந்தது. பிறகு விடியற்காலையின் தனிமை ஜெபத்தை, யாரிடமும் கேட்காமல் நோயாளிகளைப் பார்க்கப் புறப்படும் சாயங்காலங்களை நினைத்தாள். மனம் தானாக அந்தத் தனிமையின் பக்கமே போய் உட்கார்ந்தது.

“தோன் ஃபெர்மின், நீங்க கேட்டதுல எனக்கு ரொம்பச் சந்தோஷம். யாரும் கேக்காததாலதான் இப்படி இருக்கேனோன்னு எனக்கே ஒரு சந்தேகம். இப்ப நீங்க கேட்டுட்டீங்க, நானும் நல்லா யோசிச்சுட்டேன். நான் ஆண்டவருக்குன்னே இருந்துக்கிறேன்.”

“அவரோட போட்டி போட்டு நான் எங்க ஜெயிக்கிறது?”

“போட்டியெல்லாம் இல்ல. நீங்க நல்ல மனுஷன். இல்லேன்னா இவ்வளவு நேரம் யோசிச்சிருப்பேனா?”

“போச்சு போ!” என்று வெளியே அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப்பக்கம் ரம்பம் மறுபடி ஓடியது. போர்வைக்கு அடியில் சட்டம் வந்தது.

“இப்ப?”

“இப்ப கச்சிதமா உக்காந்துருச்சு.”

“அப்ப நாளைக்கு நான்தான் பல்லக்குல முன்கொம்பு பிடிப்பேன். எவனும் குறுக்க வரக் கூடாது.”

“சொல்லிடறேன்.”

எவுலாலியா வாய் நிறையக் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு உள்பாவாடையை விரித்தாள். வெளியே அக்கா மட்டும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.